இரண்டு இடத்தில் இருந்த அஞ்சாம் நம்பர் வண்டி

புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகாலை ஐந்து நாற்பதுக்கு, செம்மண்குளம் ஸ்டேஷனிலிருந்து அஞ்சாம் நம்பர் வண்டி முந்நூறு உப்பளத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு உப்பளத்துறைக்குக் கிளம்பிப் போனது. அதே ஐந்து நாற்பதுக்கு, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில், குழிக்கு மேலே, தன் அடிவயிற்றை ஃபிட்டர்களுக்குக் காட்டிக்கொண்டு அதே அஞ்சாம் நம்பர் வண்டி அசையாமல் நின்றது. வண்டியின் மேல் எந்தத் தப்பும் இல்லை. தப்பு என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லைனில் மொத்தம் ஏழு வண்டிகள். எந்த நாளிலும் ஆறு ஓடும், ஒன்று ஷெட்டில் பரிசோதனைக்கு நிற்கும். கிழமைக்கு ஒன்றாக ஏழு கிழமைக்கும் ஏழு வண்டி. எது எந்த நேரத்துக்கு ஓடவேண்டும், எது நிற்கவேண்டும் என்று வாராவாரம் கட்டம் போட்டு எழுதுவதுதான் என் வேலை, அந்தத் தாளுக்குச் சார்ட் என்று பெயர். செவ்வாய், அஞ்சாம் நம்பர் நிற்கவேண்டிய நாள். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறாம் நம்பரின் கதவுகள் மூடமாட்டோம் என்று அடம்பிடித்ததால், அது ஓடவேண்டிய ஐந்து நாற்பதுக்கு நான் அஞ்சாம் நம்பரை எழுதினேன். எழுதிய கையோடு ஷெட் கட்டத்தில் இருந்த அஞ்சை அடித்துவிட்டு ஆறு என்று போட்டிருக்க வேண்டும், போடவில்லை. ஏன் போடவில்லை என்பதற்கு நல்ல காரணம் ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பேன். நாலு நகல் எடுத்து, ஆபீஸ் முத்திரை குத்தி, ஷெட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் டிரைவர்கள் அறைக்கும் மேனேஜர் மேசைக்கும் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

முத்திரை விழுந்த சார்ட்டை எங்கள் லைனில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நான் வேலையில் சேருவதற்கு முன்னால் ஒரு தடவை சார்ட்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை விழுந்துவிட்டதாம். ஊரே அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு கொண்டாடியதாம், கறிக்கடையில் இரண்டு நாளும் கூட்டமாம், மாதா கோயிலில் இரண்டாவது ஞாயிறுக்கும் பூசை வைத்தார்களாம், பள்ளிக்கூட வாத்தியார்கள் மட்டும் மூன்றாவதாக ஒன்று கிடைக்குமா என்று ஆபீசுக்கு வந்து விசாரித்தார்களாம். இருபத்திரண்டு வருஷம் இப்படிப்பட்ட மனிதர்களுக்கு நடுவில் ஓடிய வண்டி, தன் நம்பர் இரண்டு கட்டத்தில் இருப்பதைப் பார்த்தால் வேறு என்ன செய்யும்? இரண்டு இடத்துக்கும் போனது.

காலை ஏழு மணிக்கு ஆபீசுக்கு வந்து மேனேஜர் மேசை நகலைப் பார்த்தபோதுதான் அஞ்சு இரண்டு கட்டத்தில் இருப்பது என் கண்ணில் பட்டது. ஷெட்டுக்குப் போன் போட்டேன். ஷெட்டுக்கு மேஸ்திரி ஜெபமாலை அண்ணாச்சி, எடுத்த எடுப்பிலேயே எரிச்சலோடுதான் பேசுவார். அஞ்சு இங்கதான் நிக்கி, ஒனக்கு வேணும்னா வந்து தூக்கிட்டுப் போ என்றார். ஸ்டேஷனுக்குப் போட்டேன். அஞ்சு போய் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, வழியில் எல்லா ஸ்டேஷனிலும் நேரத்துக்கு நின்றிருக்கிறது என்றார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லுகிறவர்கள் இல்லை. ஆறாம் நம்பர் எங்கே என்று இருவருமே கேட்கவில்லை. அது எந்தக் கட்டத்திலும் இல்லாததால் யார் கண்ணிலும் படாமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கதவைத் திறந்துபோட்டபடி நின்றிருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு வண்டி எப்படி இரண்டானது என்று நான் யோசிக்கவே இல்லை. அடுத்த மாசக் கடைசியில் என் வேலையை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்யப்போகிறார்களே, அதைத்தான் யோசித்தேன்.

அதனால், ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று, ரோஸ் சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். ரோஸ் சீட்டு என்றால் திருத்தச் சீட்டு. சார்ட்டில் பிழை விட்டவர், எந்தக் கட்டம் தப்பு என்று தன் கையால் எழுதி, 'பிழை என்னுடையது' என்று கையெழுத்துப் போட்டு, சார்ட்டின் மேல் ஒட்டி முத்திரை குத்தவேண்டும். மேனேஜர் கையெழுத்துக்கூட வேண்டாம். ஒருவர் பெயரில் மூன்று சீட்டு சேர்ந்தால் அவருக்கு வேலை நிரந்தரம் கிடையாது என்பது விதி, ஆகையால் ரயில் ஓட ஆரம்பித்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் ஒரு சீட்டைக்கூடக் கிழித்ததில்லை. பீரோவின் அடித்தட்டில் சீட்டுப் புத்தகத்தைக் கரையான் மட்டும் கொஞ்சம் வாசித்திருந்தது.

மேனேஜர் கோமதிநாயகம் சார் நல்ல மனிதர்தான். சார்ட்டைப் படிக்கமாட்டார், அடியில் இருக்கும் சதவீதத்தை மட்டும் பார்ப்பார். ஏழில் ஆறு ஓடினால் எண்பத்தைந்து சொச்சம், அதற்கு மேல் ஏறாத அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு முடி கொட்டியது என்று சொல்வார்கள். நான் தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். அப்புறம் எழுந்துவந்து என் கையிலிருந்த சீட்டை வாங்கி, மடித்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஏம்மா பேச்சித்தாய், ஒண்ணு ரெண்டானா அதுக்குப் பேரு தப்பா?" என்றார். "அடுத்த வாரம் ரெண்டாம் நம்பரையும் இதே மாதிரி போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நம்பரும் இரண்டு இடத்தில் இருந்தது. அதற்கடுத்த வாரம் நாலும் ஏழும். மூன்றாவது வாரக் கடைசிக்குள் ஏழு வண்டிகளும் லைனில் ஓடிக்கொண்டே ஷெட்டில் நின்றன, ஷெட்டில் நின்றுகொண்டே லைனில் ஓடின, கதவு மூடாத ஆறாம் நம்பர்கூட மூடாத கதவோடு இரண்டு இடத்திலும் இருந்தது. ஷெட்டில் ஏழு வண்டிக்கு இடம் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள்; சார்ட்டில் இடம் இருந்தது. பதினெட்டு நடையாக இருந்தது இருபத்தொரு நடையாயிற்று. அதற்கு டிரைவர்கள் போதவில்லை. டிரைவர்களுக்கும் டோக்கன் நம்பர் உண்டு, அவர்களையும் 'பணி', 'ஓய்வு' என்று இரண்டு கட்டத்திலும் எழுது என்றார் சார். எழுதினேன்.

ஊர் இதற்கெல்லாம் பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிரைவர் ஆறுமுகநயினார் ஐந்து நாற்பதை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக் கட்டிலில் போர்த்திப் படுத்தும் இருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் விடிகாலையில் புருஷனை வீட்டில் பார்த்தறியாத அவருடைய சம்சாரம் செல்லக்கனி முதல் மூன்று நாள் பூரித்துப்போனாள். நாலாவது நாள் ஷெட்டுக்கு வந்து, படுத்திருக்கிறவர் லெவல் கிராசிங் நேரத்துக்கெல்லாம் வாயால் ஹாரன் அடிக்கிறார், குழந்தைகள் பயப்படுகின்றன, ஓடுகிறவரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், படுத்திருக்கிறவரை வாயைக் கட்டி வைக்கலாமா என்று கேட்டாள். தொழிற்சங்கம் கூட்டம் போட்டு, இரண்டு இடத்தில் இருப்பது தொழிலாளியின் உரிமையா, தொழிலாளிக்கு இழைக்கப்படும் கொடுமையா என்று ஆறு மணி நேரம் விவாதித்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஓய்வறைக்கு இன்னொரு மின்விசிறி கேட்டுத் தீர்மானம் போட்டது. கவுன்சிலர் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணத்துக்குத் தலைமை தாங்கவேண்டியிருந்ததால் தன் பெயரையும் சார்ட்டில் சேர்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். டோக்கன் நம்பர் இல்லாதவர்களை எழுதினால் பலிப்பதில்லை என்று தெரிந்ததும், கேட் விளக்கு துடைக்கும் வேலைக்கு முறைப்படி விண்ணப்பம் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு அரளி மாலை போடுவது வழக்கம். ஒரு வண்டிக்கு ஒரு மாலையா இரண்டா என்று பூசாரிக்குக் குழப்பம் வந்து, ஷெட்டில் நிற்பதற்கு மட்டும் போட்டார். காற்றே இல்லாத ஷெட்டுக்குள் அந்த மாலை நாள் முழுக்கப் பின்பக்கமாகப் பறந்துகொண்டே இருந்தது. எல்லோரும் அதை அழகாக இருக்கிறது என்றார்கள். நானும் சொன்னேன்.

உப்பளத்துப் பெண்களுக்குத்தான் இதில் அதிகச் சந்தோஷம். ஐந்து நாற்பதுக்கு ஒன்று, ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒன்று என்று வண்டி வந்ததால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்தது. என் அம்மா முப்பிடாதி அந்த அளங்களில் பத்தொன்பது வருஷமாக உப்பு வாரிச் சுமக்கிறாள்; பத்தொன்பது வருஷமும் நின்றே போனவள். இப்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, காலை நீட்டி, இது எம்மவ போட்ட வண்டியாக்கும் என்று பக்கத்தில் இருப்பவளிடம் தினமும் ஒரு தடவை சொன்னாள். நிரந்தரமானதும் தெருவுக்கே சாப்பாடு போடுவதாக என்னைக் கேட்காமலே சொல்லிவைத்திருந்தாள்.

நாலாவது வாரம் புதன்கிழமை ஜெபமாலை அண்ணாச்சி என்னை ஷெட்டுக்கு வரச்சொன்னார். அவர் யாரையும் கூப்பிடுகிற ஆள் இல்லை. அஞ்சாம் நம்பருக்குக் கீழே குழியில் இறங்கச் சொல்லி, டார்ச் அடித்து, பிரேக் கட்டையைக் காட்டினார். திங்கட்கிழமை மாட்டிய புதுக் கட்டை, வண்டி குழியை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை, ஆனால் கட்டை தோசைக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். சுட்டது. சக்கரத்தில் ஈர உப்பு ஒட்டியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, இறுக்கிய போல்ட் ஒன்று மெதுவாகத் தானே சுற்றித் தளர்ந்தது.

"இது நிக்கல பேச்சி, ஓடிட்டுத்தான் இருக்கு," என்றார். "மாட்டுத நேரத்துக்குள்ள தேயுது. நான் எதப் பாத்து நல்லாருக்குன்னு எழுத?"

நாலு வாரமாக என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"நல்லாருக்குன்னுதான் எழுதுனேன். சார்ட்ல பரிசோதனை முடிஞ்சதுன்னு போட்டிருந்துது. எனக்கு ரிட்டயராக இன்னும் ஏழு மாசம் கெடக்கு." டார்ச்சை அணைத்தார். "இந்தக் கட்டையோட எம்புட்டு நாள் தாங்கும்னு கேக்காத. பத்து நாள் போலாம். நாளைக்கேகூட போலாம்."

குழியிலிருந்து ஏறினேன். நேரே மேனேஜர் அறைக்குப் போய், நான் பார்த்ததை ஒன்றுவிடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பரிசோதனை செய்யப்பட்டதாகச் சார்ட்டில் இருக்கிறதா என்றார், இருக்கிறது. ஜெபமாலை கையெழுத்து இருக்கிறதா என்றார், இருக்கிறது. பின்னே என்னம்மா என்றார். அதோடு, இனிமேல் வாராவாரம் நான் சார்ட் எழுதத் தேவையில்லை என்றும், இதே சார்ட்டைத் தகட்டில் அச்சடித்து நிரந்தரமாக மாட்டிவிட்டதாகவும், வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து ஐந்து பேர் குழு வந்து ஓட்டத்தில் நூறு, பரிசோதனையில் நூறு, ஆக இருநூறு சதவீதத்துக்குக் கேடயம் தரப்போவதாகவும், அன்றைக்கே என் நிரந்தர உத்தரவிலும் கையெழுத்துப் போடப்போவதாகவும் சொன்னார். சந்தோஷமான செய்தியைச் சொல்லும்போது ஏன் இப்படி நிற்கிறாய் என்று தண்ணீர் கொடுத்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் நாளையிலிருந்து அந்த வண்டியில் போகாதே என்றேன். பின்னே பறந்தா போகட்டும் என்றாள். பிரேக் சரியில்லை என்றேன். அவள் சிரித்தாள், நீ போட்ட வண்டியில நானே ஏறலேன்னா எவ ஏறுவா, சும்மா கெட, நெரந்தரமாகப் போற நேரத்துல வயித்தெரிச்சல் புடிச்சவ எவளோ ஒன் மனசக் கெடுத்திருக்கா என்று சொல்லிவிட்டு அரிசி களைந்தாள். அவளை மட்டும் தடுத்தால் போதாது, அவளோடு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் ஏறுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை முழுவதும் பீரோவின் முன்னால் போய் நிற்பதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். தகட்டில் அடித்த சார்ட்டை யாராலும் மாற்றமுடியாது, மேனேஜராலும் முடியாது. ரோஸ் சீட்டால் முடியும். தன் தப்பை ஒருவர் தானாக எழுதிக்கொடுப்பார் என்று யாருமே எதிர்பார்க்காததால் அதற்கு ஒரு பூட்டு போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆபீசைத் திறந்து ஏழு சீட்டு எழுதினேன். மூன்று போதும் என்னை அனுப்புவதற்கு. ஒவ்வொரு சீட்டிலும் எந்தக் கட்டம் தப்பு என்று எழுதவேண்டும், அங்கேதான் சிக்கல்: ஷெட்டில் நிற்பது தப்பு என்று எழுதினால், தேய்ந்த கட்டையோடு ஓடும் வண்டி மட்டும் மிஞ்சும். ஓடுவது தப்பு என்று எழுதினால், முத்திரை விழுந்த நொடியில் ஓடுகிற வண்டி இல்லாமல் போகும், அதில் இருக்கிறவர்கள் மட்டும் அந்தரத்தில் இருப்பார்கள். ஆகவே வண்டியின் ஓட்டமும் அதன் டிரைவரின் 'பணி'யும் தப்பு என்று எழுதினேன்; முத்திரை விழும்போது வண்டி நிற்கவேண்டும், காலியாகவும் இருக்கவேண்டும். அஞ்சாம் நம்பர் உப்பளத்துறையை அடைவது ஆறு ஐம்பதுக்கு. ஆறு ஐம்பத்திரண்டுக்குச் சீட்டைத் தகட்டின்மேல் ஒட்டி, முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சு. என்னட்டி காலங்காத்தால?"

"எல்லாரும் எறங்கியாச்சான்னு பாத்துச் சொல்லு. எட்டுப் பெட்டியும்."

"நான் என்ன கார்டா?" என்றாள். ஆனாலும் நடந்து பார்த்தாள், அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "சந்தனமாரி மட்டும் உள்ள நிக்கா. ஒத்தச் செருப்பக் காணலியாம்."

"அவள எறங்கச் சொல்லும்மா."

"அதான் செருப்பத் தேடுதான்னு சொல்லுதம்லா."

"நான் வேற வாங்கித் தாரேன். எறங்கச் சொல்லு."

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, ஏட்டி சந்தனமாரி, எம்மவ ஒனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தாராளாம், எறங்கு என்று கத்தினாள். உடனே எனக்கும் செருப்பைக் காணோம், எனக்கும் காணோம் என்று நாலைந்து குரல்கள் கேட்டன. சந்தனமாரி இறங்கிவிட்டாளா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அம்மா எரிந்து விழுந்த பிறகு முத்திரையைக் குத்தினேன்.

கோழி ஒன்று கூட்டை விட்டுப் போய்விட்டதைச் சொல்லும் குரலில், வண்டியக் காணோம் என்றாள் அம்மா.

அப்புறம் நடந்ததை அவர்கள் எல்லோரும் சொல்லிக் கேட்டேன். வண்டியின் சொத்துப் பட்டியலில் இல்லாதவை மட்டும் மிச்சமாயின. ஜன்னல் ஓரங்களில் இருபத்திரண்டு வருஷமாகப் பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள், கொண்டை ஊசிகள், மென்று ஒட்டிய மிட்டாய், வெற்றிலைக் காம்பு, பீடித் துண்டு, டிரைவர் அறையில் வைத்திருந்த முருகன் படம், யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு பொய்ப்பல், ஆறுமுகநயினாரின் துண்டு, எல்லாமே ஒரு நொடி அந்தந்த இடத்தில் அந்தரத்தில் நின்று, எட்டுப் பெட்டி நீளத்துக்கு ஒரு வண்டியின் உருவத்தைக் காட்டிவிட்டு, சரசரவென்று தண்டவாளத்தில் உதிர்ந்தன. சந்தனமாரியின் செருப்பும் அங்கே கிடந்தது. ஆறுமுகநயினார் கட்டிலில் கண்ணை விழித்து, கைலி கட்டிக்கொண்டு, காபி கேட்டார்.

மற்ற ஆறு வண்டிகளையும் அவை காலியாகும் நேரம் பார்த்து மத்தியானத்துக்குள் முடித்தேன். கேடயக் குழு மட்டும் ஏறிவந்த இரண்டாம் நம்பருக்காகத்தான் அதிக நேரம் காத்திருந்தேன். நடு ஸ்டேஷனில் இளநீர் குடிக்க ஐந்து பேரும் இறங்கியபோது முத்திரை விழுந்தது, கேடயம் ஜல்லியில் விழுந்து மூக்கு உடைந்தது. அன்றைக்கு எங்கள் லைனின் ஓட்டச் சதவீதம் பூஜ்யம். கோமதிநாயகம் சார் கோபப்படவில்லை, ஏழு சீட்டையும் மேசையில் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். நீ எழுதியதில் ஒன்றாவது தெளிவில்லாமல் இருந்திருந்தால் செல்லாது என்று சொல்லியிருப்பேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று வருத்தப்பட்டுக்கொண்டே என்னை அனுப்பும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பெண்கள் அன்றைக்கு உப்பு லாரிகளில் மூட்டைமேல் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார்கள். ஷெட்டில் ஒவ்வொரு வண்டியாக அண்ணாச்சி பிரித்து மேய்ந்தார். முதலில் இரண்டு, பிறகு மூன்று என்று வண்டிகள் வெளியே வந்தன. மறுபடியும் மூச்சு முட்ட நின்றுகொண்டு போகவேண்டியதாயிற்று. வண்டிய முழுங்குனவ என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். செல்லக்கனி மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பினாள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைத்திருக்கிறது என்பதைச் சுவரிடமும், விளக்கை அணைக்கவேண்டும் என்பதைப் பூனையிடமும் சொன்னாள். எட்டாவது நாள், அளத்தில் ஆள் குறைகிறது என்று பூனையிடம் சொன்னாள். ஒன்பதாவது நாள் காலை நானும் அவளோடு கிளம்பினேன்.

அது அஞ்சாம் நம்பர் வண்டி முதல்முதலாக வெளியே வந்த நாள். எங்களை ஏற்றிக்கொண்டபோது ஷெட்டில் அது இல்லை. எனக்கு நம்பிக்கை வராமல் ஏறுவதற்கு முன் போய்ப் பார்த்தேன், குழி காலியாக இருந்தது, அதில் இரண்டு தவளை. வண்டிக்குள் எனக்கு ஒற்றைக் காலுக்குத்தான் இடம் கிடைத்தது. தள்ளி நில்லுங்கட்டி, வண்டிய முழுங்குனவ வாரா, பசிச்சா நம்மளையும் முழுங்கிருவா என்றாள் ஒருத்தி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பனங்காட்டைத் தாண்டியதும் லைன் கடல் பக்கமாக இறங்கும். இறக்கம் முடிகிற இடத்தில் ஒரு வளைவு, வளைவுக்கு அப்பால் கழிமுகத்துப் பாலம். இறக்கத்தில் பாதி போயிருப்போம், ஹாரன் விடாமல் அலறியது. அடுத்த நொடி கால்களுக்குக் கீழே இரும்பு கத்தியது, எட்டுப் பெட்டியும் முன்பக்கமாக ஒரு தடவை மூச்சை இழுத்துப் பிடித்தது, நின்றவர்கள் உட்கார்ந்தவர்கள் மடியில் விழுந்தார்கள், உட்கார்ந்தவர்கள் எதிரே இருந்தவர்கள் மேல் விழுந்தார்கள், சந்தனமாரி என் முதுகில் விழுந்தாள். வண்டி நின்றது.

பிறகு முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் ஆறுமுகநயினாரை வைய ஆரம்பித்தார்கள். அவருடைய அப்பாவில் தொடங்கி, அப்பாவின் அப்பாவுக்குப் போய், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகள்வரை வந்தார்கள். ஓட்டத் தெரியாதவனெல்லாம் வண்டியில ஏறிட்டான், அளத்துல பேர் குடுக்குத நேரம் போயிரும், இதுக்கு மாட்டு வண்டி எம்புட்டோ மேலு என்றார்கள். எல்லோரையும்விட உரக்க வைதது என் அம்மா. அவள் தூக்குவாளி கவிழ்ந்து, பழைய சோறும் தண்ணீருமாகச் சேலை முழுக்க நனைந்திருந்தது.

நான் கதவுப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தேன். வளைவில் தண்டவாளத்தின் மேல் முப்பது நாற்பது ஆடுகள், முன்னால் நின்ற ஆட்டுக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் இடம் இருந்தது. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. பழைய கட்டையோடு இந்த இறக்கத்தில் எவ்வளவு தூரம் போயிருப்போம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும், போட்டேன். ஆடுகளோடு அது நிற்கவில்லை, வளைவோடும் நிற்கவில்லை. இன்னொரு தடவை போட்டேன், அதே விடை. யாரிடமும் சொல்லவில்லை, அப்போது சொன்னால் என்னையும் சேர்த்து வைதிருப்பார்கள்.

திரும்பி வந்தபோது அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரக் கொஞ்சம் இடம் இருந்தது, மேலே விழுந்தவர்கள் எழுந்ததில் வந்த இடம். உட்கார்ந்தேன். அவள் சேலையைப் பிழிந்து ஜன்னலுக்கு வெளியே உதறினாள், வெளியே எட்டிப் பார்த்தாள், ஆடுகளைப் பார்த்தாள், அந்த ஓர் ஆள் இடைவெளியைப் பார்த்தாள், அப்புறம் தூரத்தில் தெரிந்த பாலத்தைப் பார்த்தாள். வைவதை நிறுத்தியிருந்தாள். வண்டி மெதுவாக நகர ஆரம்பித்தது.

"ஏட்டி," என்றாள், ஒன்பது நாளைக்கப்புறம் என்னைப் பார்த்து. "ஒன் வாளியில இருந்து பாதிச் சோத்த இதுல தட்டு."